பாடப்பட்ட குழந்தையும் பாடும் குழந்தையும்
அழ. வள்ளியப்பாவின் வாழ்வும் பணியும்

(மார்க்கையன்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் குழந்தைகளுக்காக எழுதி நிலைத்த பெயர் பெற்ற ஒருவரின் வாழ்வையும் பணியையும் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் என்னிடம் கேட்டார்கள். நல்ல தலைப்புதான். நான் ஒரு சிறு மாற்றம் மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆங்கில எழுத்தாளர் ஒருவர் இந்த உரையில் வருவார்; ஆனால் உரையின் நடுவில் நிற்பவர் தமிழராக இருக்கட்டும் என்றேன். அவர்கள் மறுக்கவில்லை.

நான் எடுத்துக்கொண்டவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. இங்கே இருக்கும் பெரியவர்களில் பலர் அவருடைய பாட்டைப் பாடித்தான் ஒன்றாம் வகுப்பைத் தாண்டியிருப்பீர்கள். யார் எழுதியது என்று தெரியாமலே பாடியிருப்பீர்கள். குழந்தைகளுக்கு எழுதுகிறவருக்கு நேரும் கதி அது. ஒரு வகையில் அதுவே அவருக்குப் பெருமையும்கூட. அவருடைய பாட்டு வாயில் இருக்கிறது, பெயர் மறந்துவிடுகிறது. இன்று அந்தப் பெயரையும், பாட்டுக்குப் பின்னால் அவர் செய்த நீண்ட வேலையையும் நினைவுபடுத்த விரும்புகிறேன்.

ராயவரத்திலிருந்து சென்னைக்கு

வள்ளியப்பா 1922 நவம்பர் 7 அன்று புதுக்கோட்டைச் சீமையில் உள்ள ராயவரத்தில் பிறந்தார். பாரதி மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. தந்தை அழகப்பச் செட்டியார், தாய் உமையாள் ஆச்சி. உள்ளூர்த் தொடக்கப் பள்ளியிலும், பிறகு பக்கத்து ஊரான கடியாபட்டியின் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். படிப்பு பள்ளியோடு நின்றது. 1940-ல் சென்னைக்குப் போனார்.

சென்னையில் அவருக்கு இடம் கொடுத்தது சக்தி காரியாலயம். அதை நடத்திய வை. கோவிந்தனும் ராயவரத்துக்காரர்தான். தமிழ்ப் பதிப்புலகில் மலிவு விலையில் நல்ல நூல் என்ற எண்ணத்தைச் செய்து காட்டியவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் அவர். பிற்காலத்தில் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தவர். அவர் நடத்திய ‘சக்தி’ இதழுக்கு அப்போது ஆசிரியர் தி. ஜ. ரங்கநாதன். வள்ளியப்பாவுக்குக் கிடைத்த வேலை எழுத்து வேலையல்ல, பணத்தையும் கணக்கையும் பார்க்கும் வேலை. ஆனால் தி. ஜ. ர. போன்ற ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிற இளைஞனுக்குக் கதை எழுதும் ஆசை வராமல் இருக்குமா? தி. ஜ. ர. ஊக்கம் கொடுத்தார். ‘ஆளுக்குப் பாதி’ என்ற வள்ளியப்பாவின் முதல் கதை சக்தியில் வந்தது.

அடுத்த ஆண்டே, 1941-ல், இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1982 வரை அங்கேயே இருந்தார். 41 ஆண்டுகள்! தனியார் வங்கியாக இருந்தபோது சேர்ந்து, 1969-ல் அது நாட்டுடைமை ஆனதையும் பார்த்து, ஓய்வு பெற்றார். அந்த வங்கியின் தொடக்கத்திலேயே தமிழ்ப் பாட்டோடு ஓர் உறவு இருந்தது. 1907-ல் அதை நிறுவ முன்நின்ற வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் மிதவாதி. தீவிரவாதக் கட்சியைச் சேர்ந்த பாரதியின் பாட்டைக் கேட்டு மயங்கி, அதே ஆண்டில் தம் செலவில் சில பாடல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அப்படிப்பட்டவர் தொடங்கிய வங்கியில், பாரதிக்குப் பின் வந்த குழந்தைக் கவிஞர் ஒருவர் பேரேடு எழுதியிருக்கிறார்.

தொட்டிலில் கிடந்த பாட்டுடைத் தலைவன்

வள்ளியப்பா செய்தது என்ன என்று புரிய வேண்டுமானால், அவருக்கு முன் தமிழில் குழந்தைக்கு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

இருந்ததில் ஒன்று பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவம் பருவமாகக் குழந்தையைக் கொண்டாடும் இலக்கியம். இங்கிருந்து மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மதுரையின் மீனாட்சி மீது குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழை அறியாதவர் குறைவு. உலக மொழிகளில் குழந்தைப் பருவத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பகுத்துப் பாடிய மரபு அபூர்வம். ஆனால் அதில் குழந்தை பாடப்படுகிறது. பாடுகிறவர் புலவர், கேட்கிறவர் பெரியவர். தொட்டிலில் கிடக்கும் பாட்டுடைத் தலைவனுக்கு அந்தச் செய்யுளில் ஒரு வரியும் விளங்காது.

இருந்ததில் இன்னொன்று ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும். இவற்றைக் குழந்தையின் கையில் கொடுத்தோம். வாயில் நிற்கும் அளவு சின்ன வரிகள், அகர வரிசை, அருமையான கட்டுமானம். ஆனால் பேசுகிறவர் பெரியவர். செய் என்றும் செய்யாதே என்றும் சொல்கிறார். குழந்தை அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது.

மூன்றாவதாக, வீட்டிலும் வயலிலும் வாய்மொழியாக இருந்தவை: தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு, பாட்டி கதை. குழந்தை உண்மையில் வாழ்ந்தது இவற்றில்தான். அவை அச்சுக்கு வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் கிறிஸ்தவ சபையார் சிறுவர் இதழ்கள் நடத்தினார்கள். பிறகு பாரதி பாப்பா பாட்டு பாடினார். தேரூரில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, ஆசிரியராக இருந்து பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், கன்றுக்குட்டியையும் கிளியையும் பிள்ளைகள் பேசும் தமிழில் பாடினார். வழி திறந்தது. ஆயினும் இவர்கள் இருவருக்கும் குழந்தைப் பாட்டு பல வேலைகளில் ஒன்று. அதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு, குழந்தையைப் பாடுகிறவனாகவும் படிக்கிறவனாகவும் முன்னால் நிறுத்தி எழுதியவர் வள்ளியப்பா.

1944-ல் ‘மலரும் உள்ளம்’ வந்தது. 23 பாடல்கள். எழுதியவருக்கு வயது 22 நிறையவில்லை. பிறகு அந்தப் பெயரிலேயே பெரிய தொகுதிகள் வந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அவர் எழுதியதாகச் சொல்வார்கள். ‘சிரிக்கும் பூக்கள்’, ‘ஈசாப் கதைப் பாடல்கள்’, காந்தியின் வாழ்வைப் பாட்டாகச் சொன்ன ‘பாட்டிலே காந்தி கதை’, ‘நீலா மாலா’ போன்ற கதைகள், பெரியோரின் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் ‘சின்னஞ்சிறு வயதில்’ என்று வரிசை நீள்கிறது.

தேம்ஸ் கரையில் ஒரு வங்கிக்காரர்

இங்கேதான் அந்த ஆங்கில எழுத்தாளர் வருகிறார். அவர் கென்னத் கிரஹாம். 1859-ல் எடின்பரோவில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்தார். தந்தை குடியில் மூழ்கினார். பிள்ளைகளைத் தேம்ஸ் ஆற்றங்கரை ஊரான குக்கம் டீனில் இருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு, கரை, மரங்கள், தண்ணீர் எலி — அவருடைய உலகம் அங்கே உருவானது. பள்ளி ஆக்ஸ்போர்டில். பல்கலைக்கழகத்துக்குப் போக ஆசைப்பட்டார். செலவு செய்ய வேண்டிய தந்தையின் சகோதரர் மறுத்துவிட்டார். 1879-ல் இங்கிலாந்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். 1898-ல், நாற்பது வயது ஆகுமுன்பே, அந்த வங்கியின் செயலாளர் ஆனார். 1903-ல் வங்கிக்குள்ளேயே ஒருவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். மூன்று குண்டும் தவறின.

அவருக்கு ஒரே மகன், அலஸ்டேர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. அந்த மகனைத் தூங்கவைக்கச் சொன்ன கதைகளும், பிரிந்திருந்தபோது எழுதிய கடிதங்களும் சேர்ந்துதான் ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ என்ற நூல் ஆயிற்று. அகழெலி, தண்ணீர் எலி, வளைக்கரடி, தேரை ஆகிய நான்கு நண்பர்களின் ஆற்றங்கரைக் கதை. 1908-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் வங்கியை விட்டு விலகினார். அதற்குப் பின் அந்த அளவுக்கு ஒரு நூல் அவர் எழுதவில்லை. மகன் 1920-ல், இருபது வயதை எட்டுவதற்குச் சில நாள் முன்பு, ஆக்ஸ்போர்டில் ரயில் பாதையில் இறந்துகிடந்தான். கிரஹாம் 1932-ல் இறந்தார். தம் நூல்களின் வருமானத்தை ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துக்கு எழுதிவைத்திருந்தார். எந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு வாய்க்கவில்லையோ, அதன் நூலகத்துக்கு.

இருவரும் வங்கிக்காரர்கள், இருவரும் பள்ளியோடு நின்றவர்கள். ஒற்றுமை அதோடு முடிகிறது. கிரஹாம் எழுதியது இழந்துபோன தம் குழந்தைப் பருவத்தை. அவர் நாவலில் ஆற்றங்கரைக்கு அப்பால் இருக்கும் பரந்த உலகத்தைப் பற்றிப் பேசவே அந்த எலிக்கு விருப்பமில்லை. தனிமையில், ஒரு பிள்ளைக்காக எழுதிய ஒரே பெரிய நூல் அது. அதனால்தான் அவ்வளவு ஆழம். வள்ளியப்பா எழுதியது எதிரில் நிற்கும் பிள்ளைக்கு: முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்து, வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாமல், நாளை உலகத்துக்குள் போயாக வேண்டிய பிள்ளைக்கு. அவருக்கு ஒரு நல்ல நூல் போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். தாம் ஒருவர் எழுதினால் போதாது. பலர் எழுத வேண்டும்.

ஓசையின் கணக்கு

வள்ளியப்பாவின் பாட்டு ஏன் வாயில் நிற்கிறது? வரி குறுகியது, ஒரு மூச்சில் முடியும். கைதட்டிப் பாடும் தாளத்தில் அமையும். எதுகை வரியின் தொடக்கத்திலேயே வந்து அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வரும். மறந்த பிள்ளைக்கு அந்த ஒலியே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும். அகராதி தேவைப்படும் சொல் வராது. சந்தியில் சொற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிள்ளையைத் திணறவைக்காது. பாடுபொருளும் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்: அணில், மாம்பழம், பூனை, நிலா.

இது எளிது போலத் தோன்றும். எழுதிப் பார்த்த ஆசிரியர்கள் இந்த அவையில் இருப்பீர்கள், உங்களுக்குத் தெரியும். யாப்பு தெரிந்தவர் கடுமையாக எழுதிவிடுவார். யாப்பு தெரியாதவர் தளர்வாக எழுதிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஓசை சிதறாமல் எளிமை நிற்பதற்குக் கணக்கர் ஒருவரின் கண்டிப்பு வேண்டும். ஒரு சீர் கூடினாலும் பேரேட்டில் தொகை இடிப்பது போல அவருக்கு இடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சங்கம் என்ற பெரும்பணி

அவருடைய பாட்டைவிடவும் பெரிய பணியாக நான் கருதுவது வேறு ஒன்று. 1950-ல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியது. தலைவர் சக்தி வை. கோவிந்தன், செயலாளர் வள்ளியப்பா.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். நாடு விடுதலை அடைந்த 1947-ல் ‘அம்புலிமாமா’ வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ‘அணில்’, ‘டமாரம்’, ‘சங்கு’, ‘கண்ணன்’ என்று சிறுவர் இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல். ஐம்பதுகளின் நடுவில் காமராசர் முதலமைச்சராகி, ஊர் ஊராகப் பள்ளியும் மதிய உணவும் வந்தன. மார்க்கையன்கோட்டை போன்ற ஊர்களில் படிக்கத் தெரிந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, இவ்வூர் வரலாற்றில் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குக் கூடியது. அவர்கள் கையில் கொடுக்கப் பாடநூல் தவிர என்ன இருந்தது?

ஆற்றில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, மடை திறந்து கடைமடை வரை கொண்டுபோக ஆள் வேண்டும் என்பதை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சங்கம் அந்த வேலையைச் செய்தது. தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்தது. மாநாடுகளும் குழந்தைப் புத்தகக் காட்சிகளும் நடத்தியது. குழந்தைகளுக்கு எழுதுபவர்கள் யார் யார் என்று தொகுத்து ஒரு நூலே வெளியிட்டது. பெரியவர்களுக்கு எழுத முடியாதவர்தான் சிறுவர்களுக்கு எழுதுவார் என்ற ஏளனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த ஏளனத்துக்குச் சங்கம் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, வேலை செய்தது.

இவ்வளவும் வங்கி வேலைக்கு நடுவில். ‘டமாரம்’, ‘சங்கு’, ‘பூஞ்சோலை’ இதழ்களுக்குப் பொறுப்பேற்று நடத்தியதும் வேலையிலிருந்துகொண்டே. ஓய்வு பெற்ற பிறகு ‘கோகுலம்’ ஆசிரியரானார். 1989 மார்ச் 16 அன்று மறையும் வரை அவருக்கு ஓய்வு என்று ஒன்று இருக்கவில்லை.

அவர் காலத்தில் இதே திசையில் நடந்த மற்றொரு பெருமுயற்சியையும் சொல்ல வேண்டும். பெ. தூரன் தலைமை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் வழியாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். குழந்தைக்கு உயர்ந்த பொருளைக் கொடுக்க வேண்டும், அதைப் பலர் கூடிச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

தமிழ்க் குழந்தை இலக்கியத்தில் தேரை இல்லை

புகழ்ந்துவிட்டுப் போவது ஆய்வுரைக்கு அழகல்ல. ஒரு குறையையும் சொல்கிறேன்.

கிரஹாமின் நாவலில் வரும் தேரை பெரிய பொய்யன், தற்பெருமைக்காரன். மோட்டார் வண்டியைத் திருடி ஓட்டிச் சிறைக்குப் போகிறான். சலவைக்காரப் பெண்ணின் உடையில் தப்பிக்கிறான். நண்பர்கள் திருத்தப் பார்க்கிறார்கள். முழுவதும் திருந்தினானா என்பது சந்தேகம்தான். நூறு ஆண்டுகளாக ஆங்கிலக் குழந்தைகள் அதிகம் விரும்புவது அவனைத்தான். குழந்தைக்குத் தன் குறும்பை எங்கேயாவது பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கிறது.

நம் பாட்டி கதைகளிலும் அந்த இனம் உண்டு. நரி ஏமாற்றும், தெனாலிராமன் அரசனையே ஏய்ப்பான். ஆனால் அச்சுக்கு வரும்போது நரிக்குக் கடைசிப் பக்கத்தில் புத்தி வந்துவிடும். விடுதலைக்குப் பிந்திய தமிழ்க் குழந்தை இலக்கியம் நல்ல குடிமக்களை உருவாக்கும் அவசரத்தில் இருந்தது. வள்ளியப்பாவின் பல நூல்களிலும் அந்த அவசரம் தெரிகிறது. பெரியோர் வரலாறுகளில் பெரியோர் பிள்ளையாக இருக்கும்போதே பெரியோராக இருக்கிறார்கள். ஆனால் அவருடைய மிகச் சிறந்த பாடல்கள் இந்தச் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. அவற்றில் ஓசை இருக்கிறது, வேடிக்கை இருக்கிறது, நீதி சொல்லும் விரல் இல்லை. தலைமுறை தாண்டி வாயில் நிற்பவையும் அவையே. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைய எழுத்தாளர்கள் அந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறார்கள். சாகித்திய அகாதெமி 2010-ல் குழந்தை இலக்கியத்துக்கெனத் தனி விருது தொடங்கியது. முதல் ஆண்டில் தமிழுக்குரிய விருது நம் பக்கத்துத் திண்டுக்கல்லின் மா. கமலவேலனுக்குக் கிடைத்தது. 2023-ல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ அந்த விருதைப் பெற்றது. கீழடிக்குப் போகும் சிறுவன் பழங்காலத்து ஆதனோடு நட்பாகும் கதை. உங்கள் முல்லைப்பெரியாறு போய்ச் சேரும் வைகையின் கரைக் கதை அது. பள்ளிக்கல்வித் துறையே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற சிறுவர் இதழ்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அவை தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கின்றனவா, பிள்ளைகள் கையில் கசங்கிக் கிழிகின்றனவா என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழிந்தால் நல்லது.

இந்த ஆற்றங்கரையில் செய்ய வேண்டியது

வள்ளியப்பா ‘நம் நதிகள்’ என்று ஒரு நூல் எழுதினார். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. பல இந்திய மொழிகளுக்குப் போனது. தென்னாட்டு ஆறுகளைப் பற்றித் தமிழ்நாட்டுக் கவிஞர் எழுதியதை வேறு மொழிப் பிள்ளைகளும் படித்தார்கள். தன் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது ஒரு பிள்ளைக்கு முதல் புவியியல், முதல் வரலாறு.

அந்த நூலை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஊரைப் பார்க்கிறேன். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி இந்த வயல்களுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1895-ல் முடிந்த வேலை. கட்டியவர் ஜான் பென்னிகுவிக். அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறீர்கள், தைப்பொங்கலன்று அவருக்கும் பொங்கல் வைக்கிறீர்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய சுவர் அது. காட்டுக் காய்ச்சலில் செத்துப்போன கூலித் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. இதைவிடப் பெரிய சாகசக் கதை எந்த மொழிக் குழந்தை இலக்கியத்தில் இருக்கிறது? இதோடு கம்பத்துப் பன்னீர் திராட்சை, விடியலில் மலையேறும் ஏலத்தோட்ட ஜீப்புகள், சுருளி அருவி, குச்சனூர்க் கோயில் காக்கை. ஒரு பிள்ளைக்கு எழுத எவ்வளவு கிடக்கிறது!

ஆகவே அறக்கட்டளையினருக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, ஆண்டுதோறும் வரும் வட்டியில் ஒரு பகுதியைக் குழந்தை நூல் வாங்க ஒதுக்குங்கள். எந்த நூல் என்பதைப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கவிடுங்கள். பேய்க் கதை கேட்டால் பேய்க் கதை வாங்குங்கள். இரண்டாவது, வாரத்தில் ஒரு மாலை, படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். கேட்ட பிள்ளைதான் படிக்கும். மூன்றாவது, இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு கையெழுத்து இதழ் நடத்தட்டும். பெரியாற்றுக் கதையைத் தங்கள் தாத்தா சொன்னபடி எழுதட்டும். எழுத்துப்பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நீதி சேர்க்கச் சொல்லாதீர்கள்.

வள்ளியப்பாவுக்குச் சிலை வைப்பதைவிட இது கடினமான வேலை. ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டும். அவர் அப்படித்தான் செய்தார், அலுவலகம் விட்டு வந்து, நாற்பது ஆண்டு. அவருடைய முதல் தொகுதியில் 23 பாடல்கள் இருந்தன என்றேன். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் ஒருவருக்கு ஒரு பக்கம் எழுதினாலே அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடுவீர்கள். எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே சொற்பொழிவில், பேச வருகிறவர் தொடங்குமுன், உங்களில் ஒருவர் மேடையேறி அதைப் படியுங்கள். பேச்சாளர் காத்திருப்பார்.